விளையாட்டுக் குதிரைகளை குளோன் செய்வது: டர்பன் பக்கத்துக் குதிரைப் பிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் அருகே, சம்மர்வெல்ட் குதிரைப் பயிற்சி மையத்தைச் சுற்றியும் ஷோங்வெனி பக்கமும் குதிரை வைத்திருக்கிற, குதிரைகளோடு வேலை பார்க்கிற தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் உண்டு. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட்டில் குதிரை வைக்காதவர்கள் வீட்டிலும் 'டர்பன் ஜூலை' குதிரை ரேஸ் நெருங்கினால் பேச்செல்லாம் குதிரைதான். அர்ஜென்டினாவில், குதிரை மேல் ஏறிப் பந்தடிக்கும் போலோ ஆட்டத்தில், குளோன் குதிரைகள் (ஒரு குதிரையின் செல்லிலிருந்து அதே மரபணுவோடு பிறக்கவைத்த நகல்கள்) ஜெயித்த வீடியோ நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்ததிலிருந்து இதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் குதிரை மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எனக்கு உறுதியாகத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன்.

குளோன் என்றால் பெரிய குதிரையே அப்படியே இன்னொன்றாக வந்துவிடுமா?

வராது. குட்டியாகத்தான் பிறக்கும். ஒரு பெண்குதிரையின் வயிற்றில் சுமார் 11 மாதம் வளர்ந்து, பிறந்து, பால் குடித்து, மற்றக் குட்டிகளைப் போலவே வளர வேண்டும். மூலக் குதிரைக்கு 15 வயது ஆகும்போது குளோன் பிறந்தால், பல வருடம் தள்ளிப் பிறந்த இரட்டைப் பிறவி என்று வைத்துக்கொள்ளுங்கள். சேணம் போட்டுப் பழக்கவே மூன்று வருடம் பொறுக்க வேண்டும். பெரிய போட்டிக்குப் போக அதற்கு மேலும் பல வருடங்கள்.

எப்படிச் செய்கிறார்கள்? ஊசி போட்டு ரத்தம் எடுத்தால் போதுமா?

பொதுவாகத் தோலில் இருந்துதான் எடுப்பார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கழுத்தில், பிடரி மயிருக்குக் கீழே, தீப்பெட்டி அளவு இடத்தில் முடியை மழிப்பார்கள். மருந்து நீரால் மூன்று நான்கு தடவை துடைத்துவிட்டு மரத்துப்போகிற ஊசி போடுவார்கள். அப்புறம் வட்டக் கத்தியை வைத்து ஒரு திருகு. பட்டாணி அளவுக்கு ஒரு தோல் துண்டு வெளியே வரும். அதை எடுத்து இளஞ்சிவப்பு நிற ஊட்டத் திரவம் உள்ள சின்னக் குப்பியில் போட்டு மூடி, குதிரையின் பெயரும் மைக்ரோசிப் எண்ணும் எழுதி, ஐஸ் பெட்டியில் வைப்பார்கள். ஒரு தையல், சில சமயம் அதுவும் வேண்டாம். குதிரை பாட்டுக்குப் புல்லை மென்றுகொண்டு நிற்கும்.

ஆய்வகத்தில் அந்தத் துண்டிலிருந்து செல்களை வளர்த்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறைய வைப்பார்கள். பல வருடம் அப்படியே கிடக்கும். இதுவரைக்கும் வேலை சுலபம், செலவும் குறைவு.

கஷ்டமான பாதி இதற்கு அப்புறம்தான். வேறு பெண்குதிரைகளின் கருமுட்டை வேண்டும். பெரும்பாலும் கசாப்புக் கூடத்துக்குப் போன குதிரைகளின் சினைப்பையிலிருந்தோ, உயிரோடு இருக்கும் குதிரைகளிடமிருந்து ஊசி வழியாகவோ எடுப்பார்கள். நுண்ணோக்கிக்குக் கீழே அந்த முட்டையின் சொந்த மரபுப்பொருளை உறிஞ்சி எடுத்துவிட்டு, நம் குதிரையின் தோல் செல்லை அதனோடு சேர்த்து மின்துடிப்பு கொடுத்து ஒட்டவைப்பார்கள். ரசாயனம் கொடுத்து அதைக் கரு என்று நம்பவைத்து, ஒரு வாரம் வளர்த்து, உயிரோடு தேறுவதை வாடகைத் தாய்க்குதிரையின் கருப்பையில் வைப்பார்கள். அந்தத் தாய்க்குதிரையின் சினைப்பருவம் கருவின் வயதோடு ஒத்திருக்க வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் தப்பினாலே சினை நிற்பது சந்தேகம்.

அப்படியானால் அந்தக் குட்டிக்கு அம்மா யார்?

என் பாட்டி கேட்ட கேள்வியும் இதுதான். சுமந்து பெற்றது வாடகைத் தாய். முட்டை கொடுத்தது இன்னொரு குதிரை. மரபணுப்படி பார்த்தால், மூலக் குதிரையின் அப்பா அம்மாதான் இந்தக் குட்டிக்கும் அப்பா அம்மா.

இங்கே ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. செல்லுக்குள் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாகக் கொஞ்சம் டிஎன்ஏ உண்டு, 37 மரபணுக்கள். அது முட்டை கொடுத்த குதிரையிடமிருந்து வரும். தசை உழைக்கும்போது வேண்டிய சக்தி அங்கிருந்துதான் கிடைக்கிறது என்பதால், ஓட்டக் குதிரை விஷயத்தில் இதைச் சின்ன வித்தியாசம் என்று நான் ஒதுக்க மாட்டேன். அதனால்தான் சில ஆய்வகங்கள், முடிந்தால் மூலக் குதிரையின் தாய்வழிச் சொந்தத்திலேயே முட்டை தேடுகின்றன.

இது எப்போது ஆரம்பித்தது?

டாலி என்ற குளோன் செம்மறி ஆடு 1996 இல் பிறந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. குதிரை இனத்தில் 2003 தான் பெரிய வருடம். மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஐடஹோவில் 'ஐடஹோ ஜெம்' என்ற குளோன் கோவேறு கழுதை பிறந்தது. அதே மாதம் 28 ஆம் தேதி இத்தாலியின் கிரெமோனாவில் செசாரே கல்லியின் ஆய்வகத்தில் 'ப்ரொமெத்தேயா' என்ற குதிரைக் குட்டி பிறந்தது. உலகின் முதல் குளோன் குதிரை அதுதான். தோல் செல் எந்தக் குதிரையுடையதோ, அதே குதிரைதான் அதைச் சுமந்தும் பெற்றது. தன் இரட்டையைத் தானே ஈன்ற குதிரை!

நம் நாடும் அந்த வருடம் சும்மா இருக்கவில்லை. 2003 ஏப்ரலில் பிரிட்ஸ் ஊரில் 'ஃபுதி' என்ற கன்றுக்குட்டி பிறந்தது. ஆப்பிரிக்காவின் முதல் குளோன் விலங்கு அது.

அண்ணா, டர்பன் ஜூலையில் குளோன் குதிரை ஓடுமா?

ஓடாது, ஓட விடமாட்டார்கள். டர்பன் கிரேவில் மைதானத்தில் ஓடுகிற தரோபிரெட் (ரேஸுக்கென்றே வளர்க்கும் இனம்) குதிரைகளுக்கு உலகம் முழுக்க ஒரே விதி: பொலிகுதிரையும் பெண்குதிரையும் நேரடியாகச் சேர்ந்து பிறந்த குட்டியை மட்டும்தான் வம்சப் பதிவேட்டில் ஏற்பார்கள். செயற்கை முறைக் கருவூட்டல்கூடக் கூடாது. கரு மாற்றம் கூடாது. குளோன் கிட்டவே வராது. தென்னாப்பிரிக்காவும் இந்தச் சர்வதேச ஏற்பாட்டுக்குள் இருக்கிறது. பதிவேட்டில் பெயர் இல்லாத குதிரைக்கு ரேஸும் இல்லை, தரோபிரெட் என்று சொல்லி இனப்பெருக்கமும் இல்லை.

யாருக்கும் தெரியாமல் பதிவு செய்துவிட்டால்?

பிடிபடும். குட்டியைப் பதிவு செய்யும்போது டிஎன்ஏ எடுத்துப் பெற்றோரை உறுதி செய்கிறார்கள். குளோனின் டிஎன்ஏ, ஏற்கனவே பதிவான ஒரு குதிரையோடு முழுக்கப் பொருந்தி நிற்கும். எந்தத் தேதியில் எந்தப் பொலிகுதிரை சேர்ந்தது என்ற சான்றும் வேண்டும். அந்தப் பொலிகுதிரை இறந்து பத்து வருடம் ஆகியிருந்தால் என்ன தேதி எழுதுவீர்கள்?

அப்படியானால் எந்த விளையாட்டில்தான் அனுமதி?

தடை தாண்டுதல், டிரெஸ்ஸாஜ் (நடை நேர்த்திப் போட்டி), ஈவென்டிங் (பல பிரிவுகள் சேர்ந்த போட்டி), நெடுந்தூர ஓட்டம் ஆகியவற்றை நடத்துகிற சர்வதேச குதிரையேற்ற கூட்டமைப்பு 2007 இல் குளோன்களுக்குக் கதவை மூடியது. 2012 இல் திறந்துவிட்டது. குளோனும் போட்டியிடலாம், அதன் குட்டிகளும் போட்டியிடலாம். ஒலிம்பிக் குதிரையேற்றத்தை நடத்துவதும் அதே கூட்டமைப்புதான்.

போலோவில் முன்பிருந்தே தடை இல்லை, அதனால்தான் குளோனிங் அங்கே வேர்விட்டது. குவார்ட்டர் என்ற குதிரை இனத்துக்கான அமெரிக்கச் சங்கமோ பதிவு செய்ய மறுத்தது. வழக்கு போட்டார்கள். 2013 இல் டெக்சாஸ் ஜூரி குளோன் உரிமையாளர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லியது. 2015 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டு, பதிவேட்டு விதி சங்கத்தின் கையில்தான் என்று விட்டது. ஒவ்வொரு வம்சச் சங்கத்துக்கும் தனி விதி இருக்கிறது. ஐரோப்பாவில் ஸாங்கர்ஷைடே மாதிரி சில சங்கங்கள் ஏற்கின்றன. உங்கள் குதிரை எந்தச் சங்கத்தில் பதிவாகியிருக்கிறதோ அங்கே எழுத்து மூலமாகக் கேட்டு வாங்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

சாம்பியனை குளோன் செய்தால் சாம்பியன் கிடைக்குமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் மெனக்கெட விரும்புகிறேன், ஏனென்றால் காசு போவது இங்கேதான்.

மேலே சொன்ன ஐடஹோ ஜெம்முக்கு 'ஐடஹோ ஸ்டார்' என்ற குளோன் சகோதரனும் உண்டு. இரண்டுக்கும் ஒரே மரபணு. இரண்டையும் தனித்தனிப் பயிற்சியாளர்களிடம் கொடுத்தார்கள். 2006 இல் நெவாடாவின் வின்னெமுக்காவில் இரண்டும் கோவேறு கழுதைகளுக்கான ஒரே ரேஸில் இறங்கின. ஒன்று மூன்றாவதாக வந்தது, மற்றது ஏழாவதாக வந்தது. மரபணு மட்டும் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மூன்றும் ஏழும்தான்.

தோற்றத்திலேயே வித்தியாசம் தெரியும். நெற்றிச் சுட்டியும் கால் வெள்ளையும் கருப்பைக்குள் நிறச்செல்கள் எவ்வளவு தூரம் நகர்ந்தன என்பதைப் பொறுத்தவை. மூலக் குதிரைக்கு நெற்றியில் முழு நட்சத்திரம் இருந்தால் குளோனுக்கு ஒரு கீற்று மட்டும் இருக்கலாம். வாடகைத் தாயின் உடம்பு பெரியதா சின்னதா, எவ்வளவு பால் கொடுத்தது, குட்டி மேட்டு நிலத்தில் ஓடி வளர்ந்ததா பெட்டி லாயத்தில் நின்று வளர்ந்ததா, முதலில் சேணம் போட்ட கை பொறுமையான கையா, குளம்பை யார் வெட்டினார்கள்: இதெல்லாம் சேர்ந்துதான் குதிரை.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2016 டிசம்பரில் புவெனஸ் அயர்ஸின் பலெர்மோவில் நடந்த அர்ஜென்டினா ஓப்பன் போலோ இறுதி ஆட்டத்தில் அடோல்ஃபோ கம்பியாசோ என்ற போலோ வீரர், 'குவார்ட்டெத்தேரா' என்ற தன் பெண்குதிரையின் ஆறு குளோன்கள் மீது ஏறி ஆடினார். அவர் அணி ஜெயித்தது. நம் குழுக்களில் சுற்றுகிற வீடியோ அதுதான். ஆறும் அந்த மட்டத்தில் ஆடின என்றால், வம்சத்துக்கு மதிப்பே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். மூலக் குதிரையை வருடக்கணக்காக ஆடித் தெரிந்துவைத்த அதே ஆள், தன் பண்ணையிலேயே, தன் ஆட்களை வைத்துக் குளோன்களையும் பழக்கினார். எந்த வயதில் அந்த இனம் பயப்படும், எந்த வாய்க்கட்டு ஒத்துவரும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். நாம் ஒரு குளோனை விலைக்கு வாங்கினால் அந்த அறிவு கூடவே வராது.

அப்படியென்றால் இவ்வளவு செலவு செய்து ஏன் செய்கிறார்கள்?

முக்கியக் காரணம் காயடித்த குதிரைகள். பெரிய போட்டிகளில் ஜெயிக்கிற ஆண்குதிரைகளில் நிறைய, சின்ன வயதிலேயே காயடிக்கப்பட்டவை. அடங்கி நடக்கும், மற்றக் குதிரைகளோடு சண்டை போடாது, கவனம் சிதறாது. பத்து வருடம் கழித்து அது உலக சாம்பியன் ஆகும்போது, ஐயோ, ஒரு குட்டிகூட இல்லையே என்று கையைப் பிசைவார்கள்.

குளோன் வேலைக்கு வருவது இங்கேதான். காயடித்த குதிரையின் குளோன், முழு ஆண்குதிரையாகப் பிறக்கும். அது ஒரு போட்டியிலும் ஓடவேண்டியதில்லை. குட்டிகள் கொடுத்தால் போதும். நெடுந்தூர ஓட்டத்தில் 1994, 1996 இரண்டு முறையும் உலகப் பட்டம் வாங்கிய 'பியராஸ்' என்ற அரபிக் குதிரை காயடித்தது. 2005 இல் அதன் குளோன் இனப்பெருக்கத்துக்காகவே பிறந்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் கிரெக் பெஸ்ட் என்ற வீரருக்கு இரண்டு வெள்ளிப் பதக்கம் வாங்கிக் கொடுத்த 'ஜெம் ட்விஸ்ட்' 2006 இல் இறந்துவிட்டது. அதுவும் காயடித்த குதிரைதான். அதன் குளோன் 'ஜெமினி' 2008 இல் பிறந்து பொலிகுதிரையாக நின்றது.

அப்புறம் காயம். கம்பியாசோவின் 'ஐகென் குரா' என்ற குதிரை 2006 ஓப்பனில் கால் முறிந்து வீழ்ந்தது. காப்பாற்ற முடியவில்லை. போகும் முன் அவர் தோல் துண்டு எடுத்து வைக்கச் சொன்னார். போலோ குளோனிங் கதை அங்கிருந்துதான் வளர்ந்தது.

நம் 'பாக்கெட் பவர்' காயடித்த குதிரைதானே? அதை குளோன் செய்திருந்தால் நாட்டுக்கே லாபமாச்சே?

நம் கேப் டவுன் ஹீரோ! குவீன்ஸ் பிளேட் ரேஸை நான்கு தடவை, மெட் ரேஸை மூன்று தடவை, 2008 டர்பன் ஜூலை ரேஸில் 'டான்சர்ஸ் டாட்டர்' கூடச் சமமாக. ஆமாம், காயடித்ததுதான். ஆனால் அது தரோபிரெட். குளோன் செய்திருந்தாலும் அதன் குட்டிகள் பதிவேட்டில் ஏறாது, ரேஸ் ஓடாது.

அந்த ரத்தம் அழிந்துவிடவில்லை என்பதையும் பாருங்கள். அதன் உடன்பிறந்த தங்கை 'ரிவர் ஜெட்டெஸ்', அதே அப்பா அதே அம்மா, 2010 இல் மெட்டை ஜெயித்தது. தாயாகி ஈன்ற 'ஜெட் டார்க்' குவீன்ஸ் பிளேட்டை இரண்டு முறை ஜெயித்தது. காயடித்த சாம்பியன் ஒன்று உங்களிடம் இருந்தால், ஆய்வகத்துக்குப் போன் போடும் முன் அதன் தங்கை எந்தப் பண்ணையில் புல் மேய்கிறது என்று தேடுங்கள்.

பிறக்கிற குட்டிகள் நல்லபடியாக இருக்குமா?

எல்லாம் இல்லை. ப்ரொமெத்தேயாவுக்காக 841 கருக்களை உருவாக்கினார்கள். ஒரு வாரம் தாண்டியது 22. கருப்பையில் வைத்தது 17. சினை நின்றது 4. உயிரோடு பிறந்தது ஒன்று. இருபது வருடத்தில் நிலைமை நிறைய முன்னேறியிருக்கிறது, ஆனால் சாதாரண இனப்பெருக்கத்தோடு ஒப்பிட்டால் சினை கலைவது இன்னமும் அதிகம்.

பிறந்த பின் வரும் தொல்லைகள் நஞ்சுக்கொடியிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்குகின்றன. கொப்பூழ்க்கொடி வழக்கத்தைவிடத் தடித்து இருக்கும், ரத்தம் கசியும், சில சமயம் அறுவை செய்து கட்ட வேண்டியிருக்கும். முன்னங்கால் தசைநாண் சுருங்கி, குட்டி குளம்பின் நுனியில் நிற்கும். சில குட்டிகளுக்குப் பால் உறிஞ்சத் தெரியாது, தாய் எது சுவர் எது என்று புரியாமல் நிற்கும். முதல் சில நாள் இரவு பகல் ஆள் வேண்டும், ஆக்சிஜன் வேண்டும், குழாய் வழியாகச் சீம்பால் கொடுக்க வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் பெரும்பாலான குட்டிகள் மற்றவை போலத்தான் வளர்கின்றன. தாண்டாமல் போகிற குட்டிகளும் உண்டு. விளம்பரப் படத்தில் அவை இருக்காது.

குளோன் சீக்கிரம் கிழடாகிவிடும் என்கிறார்களே?

டாலி ஆறு வயதில் போய்விட்டதால் வந்த பேச்சு அது. டாலிக்கு வந்தது நுரையீரல் நோய். அதே செல்லிலிருந்து பிறந்த நான்கு ஆடுகள் உட்பட 13 குளோன் ஆடுகளை நாட்டிங்ஹாமில் பரிசோதித்து, வயதுக்கேற்ற ஆரோக்கியத்தோடு இருப்பதாக 2016 இல் வெளியிட்டார்கள்.

குளோனுக்குக் குட்டி பிறக்குமா? அதுவும் குளோனா?

பிறக்கும். ப்ரொமெத்தேயாவே 2008 இல் 'பெகாசோ' என்ற ஆண் குட்டியை ஈன்றது. குளோனின் குட்டி குளோன் இல்லை. அப்பா பாதி, அம்மா பாதி உள்ள சாதாரணக் குட்டி.

எவ்வளவு செலவாகும்?

அமெரிக்காவின் வயாஜென் நிறுவனம் குதிரைக்கு வெளிப்படையாகச் சொல்லிவந்த விலை 85,000 டாலர். நம் பணத்தில் ஒன்றரை மில்லியன் ராண்ட் அளவு. அது குட்டி பிறக்கும் வரைக்கும்தான். வளர்ப்பு, மருத்துவம், விமானம், தனிமைப்படுத்தல், நான்கைந்து வருடப் பயிற்சி எல்லாம் அதற்கு மேலே. செல்லை மட்டும் வளர்த்து உறைய வைக்க ஆகும் தொகை இதில் ஒரு சின்னப் பங்குதான். முடிவெடுக்காமல் குழம்புகிறவர்களுக்கு அந்த முதல் படி மட்டும் போதும். மீதியைப் பத்து வருடம் கழித்தும் யோசிக்கலாம்.

வெளிநாட்டில் குளோன் செய்து நம் ஊருக்குக் கொண்டுவரலாமா?

சட்டப்படி விலங்கோ கருவோ விந்தோ எதுவானாலும் விவசாயத் துறையின் இறக்குமதி அனுமதி வேண்டும். அதைவிடப் பெரிய தலைவலி, ஆப்பிரிக்கக் குதிரை நோய்.

நம் பக்கம் குதிரை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குவாசுலு-நட்டாலில் மழைக்குப் பின், பிப்ரவரியிலிருந்து முதல் பனி விழும் வரை, அந்தி நேரத்தில் வருகிற கண்ணுக்குத் தெரியாத கொசுப்பூச்சிதான் இதைப் பரப்புகிறது. காலையில் நன்றாகத் தின்ற குதிரை மறுநாள் மூக்கில் நுரை தள்ளி விழுவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நுரையீரலைத் தாக்கும் வகை வந்தால் பிழைப்பது மிக அரிது. ஒன்பது வகை வைரஸ் உண்டு. பிரிட்டோரியா பக்கத்து ஒண்டர்ஸ்டெபூர்ட்டில் தயாராகும் தடுப்பூசியை வருடாவருடம் போட்டுக்கொண்டே வர வேண்டும்.

இப்போது யோசியுங்கள். உங்கள் 16 வயதுக் குதிரை இங்கேயே பிறந்து, பன்னிரண்டு பதின்மூன்று முறை ஊசி வாங்கி, பல கோடைகளைத் தாண்டி எதிர்ப்பைச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்த எதிர்ப்பு மரபணுவில் இல்லை. டெக்சாஸிலோ அர்ஜென்டினாவிலோ பிறந்த குளோனுக்கு அது துளிகூட இருக்காது. அங்கே அதைச் சுமந்த வாடகைத் தாய் இந்த நோயையே கண்டதில்லை என்பதால் சீம்பாலிலும் வராது. அப்படி வருகிற குதிரையை நோய்க் காலம் முடிந்த குளிரில் இறக்கி, ஊசிகளை முழுக்கப் போட்டு முடிக்கும் வரை பூச்சி வலை கட்டிய லாயத்தில் வைக்க வேண்டும். நல்ல வெட் (கால்நடை மருத்துவர்) ஒருவரை முன்கூட்டியே பிடித்துவைக்காமல் இதில் இறங்கவே கூடாது.

குளோன் வேண்டாம், ஆனால் வம்சம் போகக்கூடாது. என்ன வழி?

காயடிக்கும் முன் யோசிப்பதுதான் வழி. இதை நான் லாயம் லாயமாகச் சொல்லி வருகிறேன். இரண்டு வயது தாண்டிய ஆண்குதிரை என்றால், காயடிக்கும் முன் விந்து எடுத்து உறையவைக்கலாம். அதற்குப் பழக்க நேரம் இல்லையென்றால், காயடிக்கும் அன்று எடுத்த விதைகளைக் குளிர்பெட்டியில் வைத்து உடனே ஆய்வகத்துக்கு அனுப்பினால், விதையோடு ஒட்டியிருக்கும் சுருள் குழாயிலிருந்து விந்தணுக்களை எடுத்து உறையவைக்க முடியும். குளோனுக்கு ஆகும் பணத்தில் மிகச் சிறிய பங்கு. ஒரு வயதுக் குட்டியில் இது பலிக்காது, விந்தணு அந்த வயதில் இருக்காது. வார்ம்பிளட் (தடை தாண்டுதல், டிரெஸ்ஸாஜ் போன்றவற்றுக்கு வளர்க்கும் குதிரை வகை) மாதிரி செயற்கைக் கருவூட்டலை ஏற்கும் இனங்களுக்குத்தான் இது பொருந்தும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெண்குதிரையாக இருந்தால் இன்னும் சுலபம். போட்டியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரு எடுத்து வாடகைத் தாய்க்கு மாற்றலாம்.

என் குதிரை நேற்று ராத்திரி இறந்துவிட்டது. இன்னும் நேரம் இருக்கிறதா?

முதலில், உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. நேரம் இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். உடம்பை நிழலில் வைத்து ஈரச் சாக்கோ துணியோ போட்டுக் குளிராக வையுங்கள். வெட்டைக் கூப்பிட்டுக் கழுத்திலோ காதிலோ தோல் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த தோலைச் சாதாரண ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஃபிரீஸரில் வைக்காதீர்கள், ஆய்வக முறைப்படி இல்லாமல் சும்மா உறைந்தால் செல் வெடித்துச் செத்துவிடும். கோடையில் ஒரு நாள் தாமதமே பெரிய தாமதம். இன்றே எடுத்துவிடுங்கள். குளோன் செய்வதா வேண்டாமா என்று இன்று முடிவெடுக்க வேண்டாம்.

கடவுள் படைப்பில் கை வைப்பது பாவம் இல்லையா?

மவுண்ட் எட்ஜ்கோம்பில் காவடி முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு பெரியவர் கேட்டார். மற்றவர்களுக்கு நான் பதில் சொல்ல முடியாது, என் மனசில் இருப்பதைச் சொன்னேன். எனக்கு நகல் எடுப்பது உறுத்தவில்லை, இயற்கையே இரட்டைப் பிள்ளைகளைத் தருகிறது. உறுத்துவது பெயரில்லாத அந்தப் பெண்குதிரைகள். ஒரு சாம்பியன் திரும்பி வர எத்தனை குதிரைகளுக்கு ஹார்மோன் ஊசி, எத்தனை சினை கலைதல், எத்தனை குட்டிகளின் வலி என்று கணக்குப் பார்த்த பிறகும் அது தேவைதான் என்று தோன்றினால் செய்யலாம். அழிந்துகொண்டிருந்த பிரஷெவால்ஸ்கி காட்டுக்குதிரைக்கு 1980 இல் உறையவைத்த செல்லிலிருந்து 2020 இல் 'கர்ட்' என்ற குட்டி பிறந்தபோது, தொலைந்துபோன மரபு ஒன்று அந்த இனத்துக்குத் திரும்பக் கிடைத்தது. அங்கே எனக்குக் கேள்வியே எழவில்லை. வரவேற்பறையில் கோப்பை வைக்க இன்னொரு அலமாரி வேண்டும் என்பதற்காகச் செய்தால், நான் தோல் குப்பியைப் பிடிக்க வர மாட்டேன்.

மரபணுவைத் திருத்திய குதிரை என்கிறார்களே, அதுவும் இதுதானா?

இதற்கு அடுத்த படி. குளோனிங் இருப்பதை அப்படியே எடுப்பது. திருத்தம் என்பது செல்லில் உள்ள ஒரு மரபணுவை மாற்றிவிட்டு அப்புறம் குளோன் செய்வது. 2024 இல் அர்ஜென்டினாவில் தசை வளர்ச்சி தொடர்பான மரபணுவைத் திருத்தி, ஒரு போலோ குதிரையிலிருந்து ஐந்து குட்டிகளைப் பிறக்கவைத்தார்கள். குளோனை ஏற்ற அதே நாட்டுப் போலோ வளர்ப்பாளர் சங்கம், இவற்றைப் பதிவு செய்ய மறுத்துவிட்டது. அந்த மறுப்பு சரி என்றே நான் நினைக்கிறேன்.

'குளோன் ரேஸ் குதிரையில் பங்கு, ஐந்தே வருடத்தில் பத்து மடங்கு' என்று மெசேஜ் வந்திருக்கிறது. சேரலாமா?

சேராதீர்கள். தரோபிரெட் குளோன் எந்த ரேஸிலும் ஓட முடியாது என்று மேலே பார்த்தோம். அந்த ஒரு வரியே அந்த மெசேஜைப் பொய்யாக்கப் போதும். தடை தாண்டும் குதிரையோ போலோ குதிரையோ என்று மாற்றிச் சொன்னால், இவற்றைக் கேளுங்கள்: மூலக் குதிரையின் உரிமையாளர் கையெழுத்துப் போட்ட அனுமதி எங்கே? செல் எந்த ஆய்வகத்தில், எந்த எண்ணில் இருக்கிறது? எந்த வம்சச் சங்கம் பதிவு செய்யும், அதன் கடிதம் எங்கே? சினை கலைந்தால் பணம் திரும்புமா? குட்டி கால் வளைந்து பிறந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள்? மூலக் குதிரையின் டிஎன்ஏயும் குட்டியின் டிஎன்ஏயும் ஒன்றுதான் என்று மூன்றாம் ஆள் ஆய்வகம் சான்று தருமா? ஒன்றுக்காவது காகிதம் காட்டாமல் வாயால் பதில் வந்தால், பணத்தை எடுக்காதீர்கள். காகிதம் எல்லாம் காட்டினாலும் கையெழுத்துப் போடும் முன் உங்கள் வெட்டிடமும் ஒரு வக்கீலிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.